ஆறரை அடி ஆசிரியரும் அடங்காத மாணவனும்



ஞாயிறு காலைத் திருப்பலியும் அதைத் தொடர்ந்து மறைக்கல்வி வகுப்பும் முடிந்துவிட்டால், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் எந்த ஆலய வளாகத்திலும் அடுத்துக் கேட்கும் சத்தம் ஒன்றுதான். டென்னிஸ் பந்து மட்டையில் படும் சத்தம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழிகளிலும் கூச்சல் எழும். கொடிக்கம்பத்துக்கு அப்பால் போனால் நான்கு, சுற்றுச்சுவரைத் தாண்டினால் ஆறு, கெபியின் கண்ணாடியில் பட்டால் ஆட்டம் அன்றோடு நிறுத்தம். இவை எல்லாம் எழுதப்படாத சட்டங்கள்.

இந்தச் சிறுவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றுகிறார்கள். பந்து எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கு முன்பே கை முந்திக்கொள்கிறது. கால் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. பட்டால் ஆறு, படாவிட்டால் அவுட். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மட்டையை இப்படிப் பிடி, காலை இப்படி வை என்று அருகில் நின்று சொல்ல யாரும் இல்லை. அப்பா முதல் ஷிப்டு முடித்து உறங்குகிறார், அல்லது இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்படுகிறார். அம்மா எல்லை தாண்டி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் வந்த களைப்பு தீர ஞாயிறன்றுதான் துணி துவைக்கிறார். பிள்ளைகள் தாங்களாகவே வளர்கிறார்கள்.

இப்படித் தானாகவே வளர்ந்த ஒரு சிறுவனின் வாழ்க்கையையும், அவன் கையில் மட்டையைக் கொடுத்து அருகில் நின்ற ஒரு துறவியின் வாழ்க்கையையும் இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம். சிறுவனின் பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். உலகம் அவனைப் பேப் ரூத் என்று அறியும். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் அவருக்கு உள்ள இடம், கிரிக்கெட்டில் பிராட்மனுக்கு உள்ள இடத்துக்கு ஒப்பானது. துறவியின் பெயர் அருட்சகோதரர் மத்தியாஸ். அவரை உலகம் அவ்வளவாக அறியாது.

மதுக்கடை வீட்டுப் பிள்ளை

1895ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் ஜார்ஜ் பிறந்தான். பெற்றோருக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளில் உயிர் பிழைத்து வளர்ந்தவர்கள் ஜார்ஜும் அவன் தங்கையும் மட்டுமே. தந்தை மதுக்கடை நடத்தினார். தாய் நோயாளி. இருவருக்கும் பிள்ளையைப் பார்க்க நேரமில்லை. துறைமுகத்துத் தெருக்களே அவனுக்குப் பள்ளிக்கூடமாயின. ஏழு வயதுக்குள் புகையிலை மென்றான், கடையில் மிஞ்சிய மதுவைக் குடித்தான், பள்ளிக்கு மட்டம் போட்டான், கடைக்காரர்களிடம் கைவரிசை காட்டினான்.

1902ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் தந்தை அவனை அழைத்துக்கொண்டு போய், நகரின் ஓரத்தில் இருந்த தூய மரியா தொழிற்பள்ளியில் ஒப்படைத்தார். அன்று பதுவை நகர்ப் புனித அந்தோணியார் திருநாள். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் புனிதரின் நாளில், ஒரு பிள்ளை பெற்றோர் கையிலிருந்து காணாமற்போனான் என்று சொல்வதா, கண்டெடுக்கப்பட்டான் என்று சொல்வதா?

அந்தப் பள்ளியை நடத்தியவர்கள் சவேரியன் அருட்சகோதரர்கள். நம் புனித சவேரியாரின் பெயரைத் தாங்கிய துறவற சபை அது. அனாதைகள், ஏழைகள், நீதிமன்றம் அனுப்பி வைத்த சிறுவர்கள் என ஏறக்குறைய 800 பேர் அங்கே இருந்தார்கள். காலையில் திருப்பலி, பிறகு படிப்பு, பிறகு தொழில். தச்சு, அச்சு, காலணி, தையல் என்று பல பட்டறைகள் இருந்தன. ஜார்ஜுக்குக் கிடைத்தது சட்டை தைக்கும் பிரிவு. பெங்களூர்ப் பக்கம் வேனில் போய் நாள் முழுவதும் சட்டை தைக்கும் நம் பங்குப் பெண்களுக்கு, உலகப் புகழ் பெற்ற அந்த விளையாட்டு வீரரும் தங்களைப் போல ஒரு சட்டைத் தொழிலாளியாக இருந்தவர் என்பது வியப்பாக இருக்கலாம்.

அது கண்டிப்பான இடம். சுற்றுச்சுவர் உண்டு, பிரம்பும் உண்டு. பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் ஜார்ஜைப் பார்க்க வந்தவர்கள் மிகக் குறைவு. இடையிடையே வீட்டுக்குப் போவதும் மறுபடி கொண்டுவந்து விடப்படுவதுமாக, 19 வயது வரை அவனுக்கு அதுவே வீடு. அங்கேதான் புதுநன்மை பெற்றான். அங்கேதான் அந்த ஆறரை அடி மனிதரைக் கண்டான்.

அடித்துக் காட்டிய ஆசிரியர்

அருட்சகோதரர் மத்தியாஸ் 1872ஆம் ஆண்டு கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவர். ஏறக்குறைய ஆறரை அடி உயரம், நூறு கிலோவைத் தாண்டிய உடல். பள்ளியின் ஒழுங்குக்குப் பொறுப்பாளர். ஆனால் அவர் குரலை உயர்த்திப் பேசியதில்லை என்று அங்கு வளர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து நின்றாலே கலவரம் அடங்கிவிடுமாம்.

சனிக்கிழமை மாலைகளில் அவர் திடலுக்கு வருவார். சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் கூடிவிடுவார்கள். ஒரு கையில் கையுறை, மறு கையில் மட்டை. பந்தைத் தாமே மேலே எறிந்து, ஒற்றைக் கையால் மட்டையை வீசுவார். பந்து மிக உயரமாக எழும்பிப் போய் வேலியோரம் விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே இருப்பார். சிறுவர்கள் ஓடி ஓடிப் பிடிப்பார்கள். ஜார்ஜ் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. அடிப்பவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவர் காலடி வைக்கும் விதத்தைப் பார்த்தான். குதிகாலை அகற்றி, விரல்களை உள்ளே திருப்பிச் சின்னச் சின்ன அடியாக அவர் நடப்பார். சில ஆண்டுகளில் ஜார்ஜும் அப்படியே நடந்தான். கடைசிவரை அந்த நடை மாறவில்லை. மட்டை கீழிருந்து மேல்நோக்கிப் போகும் அந்த வீச்சும் அவனுக்குள் இறங்கிவிட்டது. கற்றுக்கொடுத்தவர் கரும்பலகையில் ஒரு கோடும் போடவில்லை. அடித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் வெறும் காட்சி காட்டுபவர் அல்லர். மணிக்கணக்கில் பந்தை அடித்து அடித்து அவனைப் பிடிக்கச் செய்தார். தவறைத் திருத்தி, மறுபடியும் மறுபடியும் செய்ய வைத்தார். ஜார்ஜ் இடதுகைக்காரன். வகுப்பறையில் அந்தக் காலத்து வழக்கப்படி வலது கையால் எழுதவே பழக்கப்படுத்தினார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் வலது கையாலேயே கையெழுத்திட்டார். ஆனால் மட்டையை இடப்புறமாகப் பிடிப்பதை யாரும் மாற்றவில்லை. பிள்ளையிடம் எதைத் திருத்த வேண்டும், எதைத் திருத்தக் கூடாது என்று அறிவதும் ஆசிரியரின் பணியல்லவா?

ஒரு நாள் தன் அணியில் பந்து எறிந்த சிறுவனை எதிரணியினர் அடித்து நொறுக்கியதைக் கண்டு ஜார்ஜ் கேலி செய்து சிரித்தான். சகோதரர் அவனைத் திட்டவில்லை. அவ்வளவு தெரிந்தால் நீயே போய் எறி என்று திடலின் நடுவே அனுப்பிவிட்டார். போனவன் எறியத் தொடங்கினான். தனக்குள் அப்படி ஒரு திறமை இருந்ததை அவன் அன்றுதான் அறிந்தான். தண்டனையாகத் தொடங்கியது அழைத்தலாக முடிந்தது.

வீச்சின் இலக்கணம்

பேஸ்பால் பார்த்திராத நம் வாசகர்களுக்காக ஒன்றிரண்டு செய்திகள். அதன் மட்டை தட்டையானது அல்ல, உருண்டையானது. பந்து தரையில் குத்தி வருவதில்லை, நேராக வரும். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். வேகமாக எறிந்தால் அரை நொடிக்குள் பந்து வந்துவிடும். அந்த அரை நொடியில் பார்க்க வேண்டும், முடிவு செய்ய வேண்டும், வீச வேண்டும். உருண்டையான மட்டை உருண்டையான பந்தைச் சந்திக்கும் இடம் மிகச் சிறியது. ஆகவே அடிப்படைப் பயிற்சி இல்லாதவன் எவ்வளவு பலசாலியானாலும் காற்றைத்தான் அடிப்பான்.

சிறுவர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் வரிசை இதுதான். முதலில் நிற்பது. பாதங்கள் தரையில் உறுதியாக, முழங்கால் லேசாக வளைந்து, உடலின் பாரம் பின்காலில். இரண்டாவது பிடி. மட்டையை நெரித்துப் பிடிக்கக் கூடாது, விரல்களில் தாங்க வேண்டும். மூன்றாவது பார்வை. தலை அசையாமல், எறிபவர் கையிலிருந்து பந்து விடுபடும் கணத்திலிருந்து கண் அதை விடக் கூடாது. நான்காவது, முன்காலை எடுத்து வைத்ததும் முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். இடுப்பைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து கை, கடைசியில் மட்டை. பெரும்பாலான சிறுவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கை முதலில் ஓடுகிறது, உடல் பின்தங்குகிறது. பலம் கையில் இல்லை, காலிலும் இடுப்பிலும்தான் இருக்கிறது. ஐந்தாவது, பந்தில் பட்டதும் நிறுத்திவிடக் கூடாது. வீச்சை முழுமையாக முடிக்க வேண்டும்.

ரூத் ஆட வந்த காலத்தில் பெரும்பாலான வீரர்கள் மட்டையைச் சற்று மேலே தள்ளிப் பிடித்து, பந்தைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். ரூத் மட்டையின் அடிமுனையில், சுண்டுவிரல் குமிழின் மேல் படும்படி பிடித்தார். 40 அவுன்சுக்கும் கூடுதலான, அதாவது 1 கிலோ 100 கிராமுக்கும் மேற்பட்ட எடையுள்ள மட்டையை எடுத்தார். கால்களை நெருக்கி நின்று, நீண்ட அடி எடுத்து வைத்து, இடுப்பைச் சுழற்றி, கீழிருந்து மேலாக வீசினார். பந்து எறிபவர் மேட்டின் மேல் நின்று எறிவதால் அது சற்றே இறங்கி வரும். மட்டை சற்றே ஏறிச் சென்றால் பந்தின் பாதையிலேயே அதிக நேரம் இருக்கும். ஆகவே அந்த வீச்சில் முரட்டுத்தனம் மட்டும் இல்லை, பொருளும் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் ஒரு துறவி அடித்துக் காட்டிய வீச்சு அமெரிக்காவின் தேசிய விளையாட்டையே மாற்றியது.

எண்கள் அதைச் சொல்லும். 1914 பிப்ரவரியில் பால்டிமோர் அணி அவரை ஆண்டுக்கு 600 டாலருக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் பாஸ்டன் அணிக்குப் போனார். 1919 இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை விலைக்கு வாங்கியது. 1920ஆம் ஆண்டில் 54 ஹோம் ரன் அடித்தார். அவர் ஆடிய லீக்கின் மற்ற ஏழு அணிகளில் எதுவும், அணி முழுவதும் சேர்ந்துகூட, அந்த ஆண்டு அவ்வளவு அடிக்கவில்லை. 1927இல் 60. ஓய்வு பெற்றபோது மொத்தம் 714. அந்தச் சாதனையை 1974 வரை யாரும் முறியடிக்கவில்லை. அதே மனிதர் பந்தைச் சரியாக அடிக்க முடியாமல் 1,330 முறை ஆட்டமிழந்தார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முழுமையாக வீசுபவன் முழுமையாகத் தவறவும் துணிந்தவன்.

வீச்சு நேரானது, வாழ்வு கோணலானது

அன்பர்களே, இத்தோடு கதையை முடித்தால் அது பாதி உண்மைதான். ரூத் புனிதர் அல்லர். பணமும் புகழும் வந்தபோது குடியும் பெருந்தீனியும் இரவுக் கேளிக்கைகளும் அவரை ஆட்கொண்டன. முதல் மனைவியோடு வாழ்வு முறிந்தது. 1922இல் பலமுறை ஆட்டத்திலிருந்து நீக்கி வைக்கப்பட்டார். 1925இல் உடல்நலம் குலைந்து அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு ஒழுங்கீனத்துக்காக அணி நிர்வாகம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. மட்டையைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்கு மனத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை. பின்னாளில் ஓர் அணிக்கு மேலாளராக வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டும் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அப்படியானால் தூய மரியா பள்ளி தோற்றுவிட்டதா? அருட்சகோதரர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. தம் மாணவன் தடம் புரண்டபோது அவரே நியூயார்க் சென்று பேசியிருக்கிறார். தமது திடலை விட்டுப் போய்விட்ட பிள்ளையையும் அவர் தம் பிள்ளையாகவே கருதினார். ரூத்தும் மறக்கவில்லை. 1919இல் பள்ளி தீயில் எரிந்தபோது, பள்ளியின் இசைக்குழுச் சிறுவர்களை 1920இல் தம் அணியோடு ஊர் ஊராக அழைத்துச் சென்று மறுகட்டுமானத்துக்கு நிதி திரட்டினார். அருட்சகோதரருக்கு விலையுயர்ந்த காடிலாக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது இருப்புப்பாதையில் நின்றுபோய் இரயிலில் அடிபட்டு நொறுங்கியது. ரூத் இன்னொன்று வாங்கிக் கொடுத்தார். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்குக் காடிலாக் எதற்கு என்று நாம் சிரிக்கலாம். பாசத்தைக் காட்ட வேறு வழி தெரியாத ஒரு மகன் அவர்.

1944இல் அருட்சகோதரர் மத்தியாஸ் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் ரூத்தின் தொண்டையின் மேற்பகுதியில் புற்றுநோய் வந்தது. குரல் கரகரத்துத் தேய்ந்தது. 1947இல் மருத்துவர்கள் டெரோப்டெரின் என்ற புதிய மருந்தை அவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895இல், ரூத் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். மருந்து சில மாதங்கள் பலன் தந்து பிறகு கைவிட்டது. ஆனால் சுப்பாராவ் குழுவினரின் அந்த வழியில் வந்த மருந்துகள் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குப் புதுவாழ்வு அளிக்கத் தொடங்கின. அவற்றில் ஒன்றான மெதோட்ரெக்சேட் இன்றும் நம் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. சுப்பாராவும் ரூத்தும் 1948 ஆகஸ்டிலேயே, சில நாள் இடைவெளியில், மறைந்தார்கள்.

நோயின் நடுவிலும் ரூத் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் சார்பில் சிறுவர் பேஸ்பால் அணிகளை ஊக்குவிக்க ஊர் ஊராகப் போனார். பேச முடியாத தொண்டையோடு பிள்ளைகள் நடுவே நின்றார். தம்மிடம் ஒருவர் நின்றது போல் தாமும் நிற்க விரும்பினார் போலும்.

1948 ஜூன் 13ஆம் நாள் யாங்கீ அரங்கில் அவருடைய 3ஆம் எண் சட்டைக்கு ஓய்வளித்துச் சிறப்புச் செய்தார்கள். மெலிந்துபோன உடலோடு ஒரு மட்டையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு வயதுச் சிறுவனாகப் பள்ளி வாசலில் விடப்பட்ட அந்த அந்தோணியார் திருநாளிலிருந்து சரியாக 46 ஆண்டுகள். இரண்டு மாதங்களில், மரியன்னையின் விண்ணேற்பு விழாவுக்கு மறுநாள், ஆகஸ்ட் 16ஆம் நாள், திருச்சபையின் அருட்சாதனங்களைப் பெற்று இறந்தார். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. தொலைந்த மகன் வீடு திரும்பிய உவமையை நம் ஆண்டவர் சொன்னபோது, அந்த மகன் நேர்த்தியாகத் திரும்பினான் என்று சொல்லவில்லை. திரும்பினான் என்றுதான் சொன்னார்.

நம் திடலுக்கு யார் வருவார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். கணவர், மனைவி இருவரும் ஷிப்டு வேலை. பத்து வயது மகன் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை, கூடா நட்பு. விடுதியில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றார். நாம் உடனே எழுதிக் கொடுத்தோம். அவனோடு ஐந்து நிமிடம் பேசவில்லை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அவன் விடுதியிலிருந்து ஓடி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோதுதான் நம் மனம் குத்தியது. பிள்ளைக்கு ஓர் இடத்தைக் காட்டினோம், ஓர் ஆளைக் காட்டவில்லை. தூய மரியா பள்ளியிலும் 800 பேருக்குச் சுவர் இருந்தது. ஜார்ஜைக் காத்தது சுவர் அல்ல, அந்தச் சுவருக்குள் அவனுக்காக நேரம் ஒதுக்கிய ஒரு மனிதர்.

ஓடி வந்த அந்தப் பையன் இப்போது ஞாயிறு மாலைகளில் நம் திடலுக்கு வருகிறான். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அவர்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுக்கிறார். மூட்டு வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி முதல் அரை மணி நேரம் மட்டையே வீச விடுவதில்லை. நிற்கச் சொல்கிறார். பந்தைப் பார்க்கச் சொல்கிறார். பையன்கள் முனகுகிறார்கள், ஆனால் அடுத்த ஞாயிறும் வருகிறார்கள். மத்தியாஸ் என்ற பெயரை அந்தப் பெரியவர் கேள்விப்பட்டதில்லை.

கடவுளும் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார். வானத்திலிருந்து சட்டம் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. மனிதரானார், நம் நடுவே நடந்தார், எப்படி வாழ்வது என்று வாழ்ந்து காட்டினார். நாம் அவரது நடையைப் பார்த்துப் பார்த்து, தட்டுத் தடுமாறி, அதே போல் நடக்கப் பழகுகிறோம். பலமுறை தவறுகிறோம். அவர் திடலை விட்டுப் போய்விடுவதில்லை.

அன்பார்ந்தவர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களில் எத்தனை பேரால் தர முடியும்? மட்டை பிடிக்கத் தெரிந்தவர் மட்டையோடு வரலாம். தையல் தெரிந்தவர் ஊசியோடு வரலாம். லேத் எந்திரம் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர், பாட்டுத் தெரிந்தவர் யாரும் வரலாம். ஒன்றும் தெரியாது என்பவர் வந்து பந்து பொறுக்கிப் போடலாம். அதுவும் வேண்டிய வேலைதான்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திடலில் சந்திப்போம்.